ஜெராய் மலையைப் படம் பிடிப்போம்



எங்கள் வீட்டுச் சுவரில் பாட்டியின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. பட்டணத்துப் படக்கடையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பாட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய மலை. அதன் உச்சியெல்லாம் பனி. அடியில் ஓர் ஏரி. அத்தனையும் திரைச்சீலையில் தீட்டிய சித்திரம். பாட்டி தம் வாழ்நாளில் பனியைக் கண்டதில்லை. அவர் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியது கெடா மாநிலத்தில், ஜெராய் மலையின் அடிவாரத்தில். விடியும் நேரத்தில் வாளியும் வெட்டுக் கத்தியுமாக நிரைக்கு நடக்கும்போது அவருக்கு எதிரே நின்றது அந்த மலைதான். ஆனால், அந்த மலையோடு அவர் நிற்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

இது எங்கள் வீட்டுக் குறை மட்டுமன்று. தோட்டத்தில் வாழ்ந்த பல குடும்பங்களின் குறை இதுவே. அந்தக் காலத்தில் படப்பெட்டி நமக்கு எட்டாத பொருள். அடையாளக் கார்டுக்கு ஒரு படம், கல்யாணத்துக்கு ஒரு படம், அவ்வளவுதான். இன்றோ ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. அதிலேயே படக்கருவியும் இருக்கிறது. பிள்ளைகளிடம் சைக்கிளும் இருக்கிறது. அப்படியிருந்தும், நம்மைச் சுற்றியுள்ள மலையை நாம் ஒழுங்காகப் படம் எடுத்து வைத்திருக்கிறோமா? நடந்தும் சைக்கிளில் சென்றும் மலைக்காட்சியைப் படம் பிடிப்பது எப்படி என்பதை, ஜெராய் மலையை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். வேறு மலையடியில் வாழும் நேயர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் மலையைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறோம். ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். ஏறக்குறைய 4,000 அடி. நாட்டில் இதைவிட உயர்ந்த மலைகள் பல உண்டு. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை மலைத்தொடருக்குள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. ஜெராய் அப்படியன்று. கடலோரச் சமவெளியில் தன்னந்தனியாக எழுந்து நிற்கிறது. அதனால்தான் பழங்காலத்தில் வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்கு இது கரை காட்டும் அடையாளமாக இருந்தது. 1025-ஆம் ஆண்டில் இராஜேந்திர சோழனின் கடற்படை வந்ததாகச் சொல்லப்படும் கடாரம் இந்த வட்டாரமே என்பது அறிஞர் பலரின் கருத்து. மலையின் தென் அடிவாரத்தில், மெர்போக் பகுதியில், பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் அடித்தளங்களை இன்றும் பார்க்கலாம். தனியாக நிற்கும் மலை படம் எடுப்பவருக்கு ஒரு வரம். நான்கு திசையிலிருந்தும் அதைப் பார்க்க முடியும்.

இனி, எல்லாருக்கும் நேரும் ஓர் ஏமாற்றத்தைப் பார்ப்போம். கண்ணுக்கு முன்னே மலை வானளாவ நிற்கிறது. ஆசையோடு படம் எடுக்கிறோம். எடுத்த படத்தைப் பார்த்தால் கறையான் புற்றைப் போல ஒரு சிறு மேடு மட்டும் தெரிகிறது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான். இது ஏன்?

நம் கண் மலையை நோக்கும்போது, மனமும் மலையிலேயே பதிந்துவிடுகிறது. சுற்றியுள்ள வெட்டவெளியை மனம் கணக்கில் எடுப்பதில்லை. கருவிக்கு அப்படி மனம் கிடையாது. தொலைபேசியின் வில்லை அகலமான பரப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வானம், புல், சாலை, மின்கம்பி எல்லாவற்றுக்கும் அது சமமாக இடம் கொடுக்கிறது. பத்துக் கிலோமீட்டர் தொலைவில் நின்று, தொலைபேசியைக் கிடையாகப் பிடித்து ஜெராயைப் படம் எடுத்தால், மலையின் உயரம் படத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் வரும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கையை நேராக நீட்டி, கட்டைவிரல் மேலே இருக்கும்படி முட்டியை மடக்கி மலைக்கு நேரே பிடியுங்கள். அவ்வளவு பெரிய மலையின் உயரம் உங்கள் முட்டியின் உயரத்துக்குள் அடங்கிவிடும்.

இதற்கு என்ன வழி? மலைக்கு அருகே போவது ஒரு வழி என்று தோன்றும். ஆனால் மிகவும் அருகே போனால் மலையின் உருவமே மறைந்து, மரங்கள் மட்டுமே தெரியும். நல்ல வழி வேறு. மலையோடு சேர்த்து, நமக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பொருளையும் படத்தில் வைக்க வேண்டும். அது ஒரு வீடாக இருக்கலாம்; கோயில் கோபுரமாக இருக்கலாம்; நிறுத்தி வைத்த சைக்கிளாக இருக்கலாம்; அம்மாவாகவோ தாத்தாவாகவோ இருக்கலாம். அளவு தெரிந்த ஒரு பொருள் பக்கத்தில் இருந்தால்தான் மலையின் பெருமை தெரியும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சற்றுக் கவனமாகக் கேளுங்கள். தாத்தா நிற்கும் இடத்திலிருந்து நீங்கள் இருபது அடி தள்ளி நின்று படம் எடுக்கிறீர்கள். தாத்தா பெரிதாகவும் மலை சிறிதாகவும் வருகிறது. இப்போது தாத்தாவை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்னோக்கி நடந்து அறுபது அடி தூரத்துக்குப் போங்கள். தாத்தாவின் உருவம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆனால் மலை சுருங்காது. பத்துக் கிலோமீட்டரில் நாற்பது அடி என்பது ஒரு பொருட்டே இல்லை. இனி, கருவியில் காட்சியை மூன்று மடங்கு பெரிதாக்குங்கள். தாத்தா பழைய அளவுக்கு வந்துவிடுவார். மலையோ மூன்று மடங்கு பெரிதாகி அவருக்குப் பின்னால் எழுந்து நிற்கும். மலையைப் பெரிதாக்க முன்னே போகக் கூடாது. பின்னே வர வேண்டும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பாதி வித்தை கைவந்த மாதிரி. ஆனால், பெரிதாக்குவதை அளவோடு செய்யுங்கள். மிகவும் பெரிதாக்கினால் படம் மங்கிப் புள்ளி புள்ளியாகிவிடும்.

அடுத்தது, நேரம். மலைப் படத்துக்கு உயிர் கொடுப்பது வெயிலின் சாய்வு. நடுப்பகலில் வெயில் தலைக்கு மேலிருந்து விழுவதால், மலையின் மேடு பள்ளங்கள் தெரியாமல் தட்டையாகிவிடுகின்றன. காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டிலிருந்து விழுகிறது. அப்போது ஒவ்வொரு முகட்டுக்கும் ஒரு நிழல் விழுகிறது. மலை திரண்டு தெரிகிறது.

ஜெராயைச் சுற்றியுள்ள ஊர்களை வைத்து இதைப் பார்ப்போம். குருணும் பீடோங்கும் மலைக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் உள்ளவை. அங்கிருப்பவர்களுக்குக் காலை நேரமே சிறந்தது. சூரியன் நம் முதுகுப் பக்கம் எழுந்து மலையின் முகத்தில் ஒளியை வீசும். யான் மலைக்கு மேற்கே இருக்கிறது. அங்கே காலையில் மலை கறுத்த நிழலுருவமாகத் தெரியும். மாலையில்தான் வயல்வெளிக்கு அப்பால் பச்சையும் பொன்னுமாக ஒளிரும். தெற்கே மெர்போக் பக்கம் இருப்பவர்களுக்குக் காலை மாலை இரண்டு வேளையும் பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கும். ஆகவே, ‘எந்த நேரம் நல்ல நேரம்?’ என்று கேட்பவர், ‘நான் மலைக்கு எந்தத் திசையில் நிற்கிறேன்?’ என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலை நேரத்துக்கு இன்னுமொரு சிறப்பு உண்டு. வெயில் ஏற ஏற, சமவெளியின் சூடான காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மலைச்சரிவில் மேலே ஏறுகிறது. மேலே போகப் போகக் குளிர்ந்து மேகமாகிறது. பத்து மணி, பதினொரு மணிக்கெல்லாம் மலையுச்சி முக்காடு போட்டுக்கொள்வதற்கு இதுவே காரணம். கெடாவில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கிறது. எழுந்து ஒன்பது மணிக்குள் படத்தை எடுத்துவிட்டால், பெரும்பாலும் உச்சி தெரியும். முதல் நாள் மாலை நல்ல மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. காற்றில் உள்ள தூசியை மழை கழுவிவிடும். புகைமூட்டம் உள்ள நாட்களில் கருவியைத் தொடவே வேண்டாம். முகக்கவசம் அணிந்து வீட்டில் இருப்பதே நலம்.

பால்மரத் தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் செய்தி. ஜனவரி முதல் மார்ச் வரை வடபகுதியில் மரங்கள் இலையுதிர்க்கும். இலைகள் செம்பழுப்பாகி விழுந்த பின், மற்ற மாதங்களில் மறைந்திருந்த மலை கிளைகளுக்கு நடுவே தெரியும். அந்தக் காட்சி சில வாரங்கள்தான் இருக்கும். இன்று பால்மரம் இருந்த இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. ஆகவே, பால்மரம் மிஞ்சியிருக்கும் இடத்தில் இந்தப் படத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

கருவியைக் கையாளும் முறை சுலபமானது. முதலில், வில்லையை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். சட்டைப் பையில் கிடக்கும் தொலைபேசியில் வியர்வையும் கைப்பிசுக்கும் படிந்திருக்கும். மங்கலான படங்கள் பலவற்றுக்கு அதுதான் காரணம். இரண்டாவதாக, திரையில் மலையைத் தொட்டால் மலை தெளிவாகி வானம் வெளுத்துவிடும். வானத்தைத் தொட்டால் வானம் அழகாகி மலை கறுத்துவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு அருகே தொட்டுப் பாருங்கள். மூன்றாவதாக, கை நடுங்காமல் இருக்க வேண்டும். சைக்கிளை மரத்தில் சாய்த்து, அதன் இருக்கையின் மேல் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள்.

மோட்டாரில் போகிறவருக்குக் காட்சி பறந்துவிடும். நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும்தான், ‘இந்த வளைவில் மலை நன்றாகத் தெரிகிறதே’ என்று நின்று பார்க்க முடியும். ஆனால், சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். சைக்கிளை மிதித்துக்கொண்டே படம் எடுக்க ஒருபோதும் முயலாதீர்கள். சாலையை விட்டு விலகி, இரண்டு காலையும் தரையில் ஊன்றிய பிறகே தொலைபேசியை வெளியே எடுக்க வேண்டும். வளைவில் நிற்கக் கூடாது. குலை ஏற்றி வரும் லாரி ஓட்டுநருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். குருண் பக்கமிருந்து மலைமேல் செல்லும் தார்ச்சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஏறுவது கடினம் என்பது எல்லாருக்கும் தெரியும்; இறங்குவதுதான் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு இழக்கும். விட்டு விட்டுப் பிடியுங்கள். இடையிடையே நின்று ஆறவிடுங்கள். பிரேக் சரியில்லாத சைக்கிளில் மலைக்குப் போகவே கூடாது. சிறு பிள்ளைகளுக்கு அடிவாரத்துச் சமவெளிப் பாதையே போதும். படத்துக்கும் அதுவே நல்லது.

காட்டுப் பாதையில் நடக்க விரும்புவோர் வன இலாகாவின் அனுமதி பெற்று, வழி தெரிந்தவரோடு போக வேண்டும். தனியாகப் போகக் கூடாது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு பாகை குளிர்ச்சி கூடும். உலர்ந்த சட்டை ஒன்றைப் பையில் வையுங்கள். தொலைபேசியை நெகிழிப் பையில் சுற்றி வையுங்கள். அதன் மின்சக்தியையெல்லாம் படத்துக்கே செலவழித்துவிடாதீர்கள். ஆபத்து நேர்ந்தால் ஆளைக் கூப்பிட அது வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை ஆற்றைப் பற்றியது. ஓடைக்கு நடுவே பாறையில் நின்று மலையைப் படம் எடுத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மலையுச்சியில் பெய்யும் மழை, கீழே நிற்பவருக்குத் தெரியாது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து வெள்ளம் சுவர் போல வந்துவிடும். மலாய்க்காரர்கள் இதைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள், இதே ஜெராய் மலையிலிருந்து மண்ணும் மரமும் பாறையுமாக வெள்ளம் இறங்கி, யான் வட்டாரத்தில் உயிர்களைப் பலி கொண்டது. ஓடைநீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, பையையும் செருப்பையும் தேடாமல் உடனே பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். உச்சியில் கருமேகம் இருந்தால் ஓடையில் இறங்கவே வேண்டாம். எந்தப் படமும் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகாது.

நேயர்களே, ‘மலை எங்கேயும் ஓடிப் போகாது, எப்போது வேண்டுமானாலும் படம் எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஒருவர் சொல்லலாம். மலை ஓடிப் போகாது, உண்மைதான். ஆனால் மலைக்கு முன்னால் இருப்பவை போய்விடுகின்றன. பூஜாங் பள்ளத்தாக்கில், சண்டி 11 என்று எண்ணிட்டிருந்த பழங்கோயிலின் எச்சம், நில மேம்பாட்டு வேலையில் இடித்துத் தள்ளப்பட்டதை 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் செய்திகளில் கேட்டோம். ஆயிரம் ஆண்டுக் கல்லுக்கே அந்தக் கதி என்றால், பலகையும் தகரமுமாக நின்ற நம் லயங்களுக்குச் சொல்லவா வேண்டும்? பாட்டி வாழ்ந்த லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அது நின்ற காலத்தில், அடுத்த பெருநாளுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நாங்களும் தள்ளிப் போட்டோம். அடுத்த பெருநாளுக்குப் போனபோது சிமெண்டுப் படிக்கட்டு மட்டுமே இருந்தது. மலை இருந்தது, வீடு இல்லை.

ஆகையால், மலையை மட்டும் எடுக்காதீர்கள். மலைக்கு முன்னால் உங்கள் வாழ்க்கையை நிறுத்தி எடுங்கள். தோட்டத்துக் கோயில், ஆலமரம், பழைய பள்ளிக்கூடம், பிள்ளைமடம் இருந்த இடம், இவற்றையெல்லாம் மலையோடு சேர்த்து எடுங்கள். பெரியவர்களை அழைத்துப் போங்கள். முடியாதவர்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். தோட்டம் இன்று வேறொருவரின் சொத்தாக இருந்தால், காவலரிடமோ நிருவாகத்திடமோ கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். பிறரைப் படம் எடுக்கும்போது அவர்களுடைய சம்மதத்தையும் கேளுங்கள்.

படம் எடுத்தால் மட்டும் போதாது. தொலைபேசி தொலையும், உடையும், தண்ணீரில் விழும். நல்ல படம் இரண்டு மூன்றையாவது கடையில் கொடுத்துத் தாளில் அச்சிட்டு வையுங்கள். பின்புறத்தில் நாள், இடம், எந்தத் தோட்டம், எத்தனையாவது டிவிஷன், நிற்பவர் யார் என்று எழுதுங்கள். இதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கேட்கும்போது கதையும் சேர்ந்து வரும். ஆண்டுக்கு ஒரு முறை, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ, அதே இடத்தில் நின்று அதே மலையை எடுங்கள். சுற்றுலாப் பயணி ஒரு நாள் வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பத்து ஆண்டு, இருபது ஆண்டு ஒரே இடத்தில் நின்று மலையைப் பார்க்கும் வாய்ப்பு, அதன் அடியில் வாழ்கிறவர்களுக்குத்தான் உண்டு. அது நமக்குக் கிடைத்த சொத்து.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை இல்லையென்றால், பிள்ளைகளை எழுப்பிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். ஒன்பது மணிக்குள் ஒரு படம் எடுத்துவிட்டு வீடு திரும்பலாம். எங்கள் பாட்டிக்குப் பின்னால் நிற்பது யாரோ தீட்டிய மலை. உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பின்னால் அவர் பார்த்து வாழ்ந்த மலையே நிற்கட்டும்.